பணக்காரர் மீது வரி: வாக்குவாதங்களில் அடிபடும் கேள்விகளும் பதில்களும்

பெரும் செல்வத்துக்கு வரி போடலாமா என்ற பேச்சு எழுந்தாலே இரு தரப்பும் விகிதத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. 2 சதவீதமா, 5 சதவீதமா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இந்த வரியை முயன்று பார்த்த நாடுகளின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. எதைக் கணக்கில் சேர்த்தார்கள், அதற்கு எப்படி விலை போட்டார்கள், எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்ற மூன்று கேள்விகளிலேயே வரியின் தலையெழுத்து தீர்மானமாகியிருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

செல்வ வரி என்பது வீட்டுக்குக் கட்டும் சொத்து வரிதானே?

இல்லை. உள்ளாட்சிக்குக் கட்டும் சொத்து வரி ஒரு கட்டடத்தின் மீதோ மனையின் மீதோ விழுவது. அந்த வீட்டின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. செல்வ வரியில் ஒருவரின் வீடு, நிலம், பங்கு, வங்கி இருப்பு, தொழிலில் உள்ள உரிமை எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, மிஞ்சும் நிகர மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பங்கை எடுப்பார்கள்.

பணக்காரர் மீதான வரி என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு வரிகள் புழங்குகின்றன: உயர் வருமானத்துக்குக் கூடுதல் வருமான வரி, சொத்தை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி, வாரிசுக்குப் போகும்போது பரம்பரைச் சொத்து வரி, மேலே சொன்ன ஆண்டுச் செல்வ வரி. எதிரே நிற்பவர் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

“பணக்காரர்கள்தான் அதிக வரி கட்டுகிறார்கள்” என்கிறார் ஒருவர், “அவர்கள் வரியே கட்டுவதில்லை” என்கிறார் இன்னொருவர். எது உண்மை?

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கூட்டாட்சி வருமான வரி வசூலில் ஏறத்தாழ 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடமிருந்து வருகிறது. இது உண்மை. ஆனால் அந்த 1 சதவீதத்துக்குள் பெரிய சம்பளம் வாங்கும் மருத்துவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள், பல்லாயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருப்பவரும் இருக்கிறார். இவர்களின் நிலை ஒன்றல்ல.

அந்த உச்சியைத் தனியாகப் பிரித்துப் பார்த்த கணக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவின் 25 பெரும் பணக்காரர்களின் வரி ஆவணங்களை வைத்து புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கில், 2014 முதல் 2018 வரை அவர்களின் செல்வம் 401 பில்லியன் டாலர் கூடியது. அதே காலத்தில் அவர்கள் கட்டிய கூட்டாட்சி வருமான வரி 13.6 பில்லியன் டாலர். செல்வ வளர்ச்சியில் அது 3.4 சதவீதம். பிரான்சில் 2023இல் வந்த ஓர் ஆய்வு, நிறுவனத்துக்குள் தங்கிவிடும் லாபத்தையும் உரிமையாளரின் வருமானமாகச் சேர்த்து எண்ணியது. மேல்தட்டு 0.1 சதவீதத்தினர் வரை வரிச்சுமை ஏறி 46 சதவீதத்தைத் தொடுகிறது. அதற்கும் மேலே போனால் இறங்கத் தொடங்கி, உச்சியில் உள்ள 75 குடும்பங்களுக்கு 26 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. விற்காத பங்கின் விலை ஏறுவதை வருமானம் என்று சொல்ல முடியாது, நாளை அது இறங்கவும் செய்யும் என்பது அந்த வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. வருமானம் என்றால் கைக்கு வந்த பணமா, செலவழிக்கும் சக்தி கூடியதா என்ற பழைய தகராறு இது.

வருமானமே இல்லாமல் ஒருவர் எப்படிப் பெரும் பணக்காரராக வாழ முடியும்?

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒருவரிடம் 1,000 கோடி மதிப்புள்ள பங்கு இருக்கிறது. நிறுவனம் டிவிடெண்ட், அதாவது பங்குதாரருக்கு லாபத்தில் தரும் பங்கு, தருவதில்லை. லாபத்தைத் தொழிலிலேயே போடுகிறது. ஆண்டுக்கு 10 சதவீதம் விலை ஏறினால் அவருக்கு 100 கோடி கூடுகிறது. விற்காததால் ஆதாய வரி இல்லை. சம்பளமாகப் பெயருக்கு ஒரு தொகை. வாழ்க்கைச் செலவுக்கு 10 கோடி வேண்டுமென்றால் பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறார். கடன் வருமானம் ஆகாது; அதற்கும் வரி இல்லை. வட்டி 6 சதவீதம், பங்கு ஏறுவது 10 சதவீதம் என்றால் கடன் அவரை அழுத்தப்போவதில்லை.

கடைசிக் கண்ணி, சொத்து கைமாறும்போது. அமெரிக்கச் சட்டத்தில் உரிமையாளர் இறந்தால், வாரிசுக்கு அந்தப் பங்கின் கொள்முதல் விலை இறந்த நாளின் சந்தை விலையாக மாற்றி எழுதப்படுகிறது. 1 கோடியில் தொடங்கி 1,000 கோடியான பங்கை வாரிசு மறுநாள் விற்றால், இடையில் வளர்ந்த 999 கோடிக்கு ஆதாய வரி கிடையாது. பெரிய பரம்பரைச் சொத்துக்குத் தனி வரி இருக்கிறது என்பது சரிதான். ஆனால் டிரஸ்ட் வழியாகவும் வாழ்நாள் நன்கொடை வழியாகவும் அதன் பெரும்பகுதியை இறக்கிவிட முடிகிறது.

பல நாடுகளில் கடனுக்குப் பதில் ஹோல்டிங் கம்பெனி, அதாவது மற்ற கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கவே தொடங்கிய கம்பெனி. டிவிடெண்ட் உரிமையாளரிடம் வராமல் அவருடைய இன்னொரு கம்பெனிக்குப் போய்விடும். அங்கே வரி மிகக் குறைவு. பணம் அங்கேயே தங்கி மறுபடி முதலீடாகும்.

ஏற்றத்தாழ்வு உண்மையிலேயே கூடியிருக்கிறதா? நிபுணர்களே அடித்துக்கொள்கிறார்களே?

செல்வத்தில் இடைவெளி மிகப் பெரியது என்பதில் தகராறு குறைவு. 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி உலகச் செல்வத்தில் 76 சதவீதம் மேல்தட்டு 10 சதவீதத்தினரிடம். கீழ்ப்பாதி மக்களிடம் 2 சதவீதம்.

தகராறு, வருமானப் பங்கு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதில். பொருளாதார அறிஞர்கள் தாமஸ் பிகெட்டி, இமானுவேல் சாயஸ், கேப்ரியல் சுக்மன் மூவரும் அமெரிக்காவில் மேல்தட்டு 1 சதவீதத்தினரின் பங்கு 1980க்குப் பின் வெகுவாக உயர்ந்தது என்கிறார்கள். அதே துறையின் ஜெரால்ட் ஆட்டன், டேவிட் ஸ்ப்ளின்டர் இருவரும் வரிக்கும் அரசு உதவிக்கும் பிறகான வருமானத்தில் பெரிய மாற்றமே இல்லை என்கிறார்கள். இரு தரப்பும் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒரே வரித் தரவைத்தான். வரிப் படிவத்தில் வராத வருமானத்தை யார் கணக்கில் எழுதுவது, கல்வி, பாதுகாப்பு போன்ற அரசுச் செலவை மக்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்ற இடங்களில் பிரிகிறார்கள். காட்டாமல் மறைத்த வருமானத்தை மேல்தட்டின் கணக்கில் எழுதினால் கோடு ஏறும்; பரவலாக எழுதினால் படுத்துவிடும். யாராவது ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டி வாதத்தை முடித்துவைத்தால், அந்தப் படம் வரிக்கு முன்னதா பின்னதா, தனிநபரா குடும்பமா என்று கேளுங்கள்.

ஆண்டுக்கு 2 சதவீதம்தானே? அதில் என்ன பெரிய சுமை?

வருமான வரி போல நினைத்தால் 2 சற்றே சிறியதாகத்தான் தெரியும். ஆனால் இது முதலின் மேல் விழுவது. 100 கோடி சொத்து ஆண்டுக்கு 10 சதவீதம் ஈட்டினால் வரவு 10 கோடி, வரி 2 கோடி. அதாவது வரவில் 20 சதவீதம். 4 சதவீதம் ஈட்டும் சொத்தில் அதே வரி வரவில் 50 சதவீதத்தை எடுக்கும். விலைவாசி 3 சதவீதம் ஏறினால் 4 சதவீத வரவில் உண்மையான வளர்ச்சி 1 கோடிதான். வரி அதைப்போல இரண்டு மடங்கு. வருமான வரியும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

இதனால் விளைவது என்னவென்றால், கொழுத்த லாபம் பார்ப்பவருக்கு இலகுவாகவும் மந்தமான தொழில் வைத்திருப்பவருக்கு இறுக்கமாகவும் இருக்கும். ஆதரிப்பவர்கள் இதை நல்லது என்கிறார்கள்: முதலைத் தூங்கவிடாமல் வேலை வாங்கும் என்று. எதிர்ப்பவர்களுக்கு இதுவே குறை. எங்கள் பார்வையில், எவ்வளவு செல்வத்துக்கு மேல் வரி தொடங்கும் என்ற வரம்பு மிக உயரத்தில் இருந்தால் முதல் வாதத்துக்கு வலு. வரம்பு கீழே இறங்க இறங்க இரண்டாவதுக்கு வலு.

சொத்துக்கு விலை போடுவது அவ்வளவு கடினமா?

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குக்கும் வங்கி இருப்புக்கும் கடினமே இல்லை. சிக்கல் பட்டியலிடாத கம்பெனியில்தான். ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நிகர மதிப்பு 40 கோடி. ஆண்டு லாபம் 12 கோடி. லாபத்தின் 8 மடங்கு என்று பிடித்தால் 96 கோடி, 15 மடங்கு என்றால் 180 கோடி. போன ஆண்டு ஒரு முதலீட்டாளர் 20 கோடி போட்டு 5 சதவீதப் பங்கு எடுத்தார்; அந்த விலைக்குக் கணக்கிட்டால் மொத்தம் 400 கோடி. 1 சதவீத வரி 40 லட்சத்திலிருந்து 4 கோடி வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். விகிதம் மாறவே இல்லை. வரி பத்து மடங்கு மாறுகிறது.

முதலீட்டாளர் கொடுத்த விலைதான் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி மூழ்கினால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர் வாங்கிய பங்குக்கு இருக்கும். நிறுவனரின் சாதாரணப் பங்குக்கு இருக்காது. இரண்டுக்கும் ஒரே விலை போடுவது தவறு. புத்தக மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலோ, பெயரும் காப்புரிமையும்தான் சொத்து என்று நிற்கும் கம்பெனி தப்பிவிடும்.

விலை போடும் முறை ஒரு வரியையே கொன்றதற்கு ஜெர்மனி சாட்சி. அங்கே நிலத்துக்கும் கட்டடத்துக்கும் 1964ஆம் ஆண்டின் மதிப்பையே வைத்துக்கொண்டு, பணச் சொத்துக்கு நடப்பு விலை போட்டார்கள். சமமான செல்வத்துக்குச் சமமற்ற வரி என்று 1995இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. சட்டத்தைத் திருத்த அரசியல் உடன்பாடு வரவில்லை; 1997 முதல் அந்த வரி வசூலிக்கப்படுவதில்லை. நெதர்லாந்தில் சொத்துக்கு இவ்வளவு வருமானம் வந்திருக்கும் என்று அரசே ஊகித்து வரி போட்டுவந்தது. வட்டி ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிய காலத்திலும் சேமிப்புக்காரரிடம் கற்பனை வருமானத்துக்கு வரி கேட்டது. 2021 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சொத்துரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.

செல்வ வரி போட்ட நாடுகள் பலவும் ஏன் கைவிட்டன?

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில் 1990இல் 12 நாடுகளில் இந்த வரி இருந்தது. 2017இல் மிஞ்சியவை பிரான்ஸ், நார்வே, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து மட்டுமே. அடுத்த ஆண்டே பிரான்ஸ் அதை 13 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. 4 பில்லியன் யூரோவுக்கு மேல் வந்த வசூல் 1.3 பில்லியனுக்கு இறங்கியது.

காரணங்களில் முதன்மையானது விலக்குகள். இந்தியாவைப் பாருங்கள். பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டாரின் பரிந்துரையை ஒட்டி 1957இல் செல்வ வரி வந்தது. 1993 முதல் பங்கு, கடன் பத்திரம் போன்றவை விலக்கப்பட்டன. வீடு, நகை, கார், நகர்ப்புறக் காலிமனை என்ற வகையில்தான் வரி நின்றது. பெரும் செல்வம் பங்கில் இருக்கும்போது பங்கை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? 2013–14இல் மொத்த வசூல் 1,008 கோடி ரூபாய். 2015 பட்ஜெட்டில் வரியை நீக்கிவிட்டு, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் மேல்வரி போட்டார்கள். அதில் 9,000 கோடி எதிர்பார்த்தார்கள்.

இதை வைத்து “செல்வ வரி தோற்றது” என்று முடிவுகட்டுவது பாதி உண்மைதான். தோற்றது ஓட்டை போட்ட செல்வ வரி. ஓட்டை போடாமல் ஒரு சட்டமன்றம் இதை நிறைவேற்றுமா என்பதும் நியாயமான கேள்வியே. தொழில் சொத்து, விவசாய நிலம், கலைப்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் விலக்குக் கேட்டு ஒரு வரிசை நிற்கும்.

பிரான்சில் இன்னொரு ஓட்டை இருந்தது. எல்லா வரியும் சேர்ந்து வருமானத்தில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வருமானத்தை ஹோல்டிங் கம்பெனியில் நிறுத்திக் கையில் வருவதைக் குறைத்துக்காட்டினால் வரியும் தானாகக் குறையும். மேலே உள்ளவர்களுக்கே இந்த வழி திறந்திருந்தது.

வரி போட்டால் அவர்கள் நாட்டை விட்டே போய்விட மாட்டார்களா?

சிலர் போவார்கள். நார்வே 2022இல் மேல் விகிதத்தை 1.1 சதவீதமாக உயர்த்தியபோது பெயர்பெற்ற தொழிலதிபர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் போன நாட்டிலும் செல்வ வரி இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை! அங்கே தனிநபர் பங்கு விற்று வரும் ஆதாயத்துக்குப் பொதுவாக வரி கிடையாது, ஈர்ப்பு அதுதான்.

சுவிட்சர்லாந்துக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் வேறுபடுவதால் அது நல்ல ஆய்வுக்களம். விகிதம் 1 சதவீதப் புள்ளி குறைந்தால் ஆறு ஆண்டுகளில் கணக்கில் காட்டப்படும் செல்வம் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது என்று அங்கு கண்டார்கள். அதில் ஆள் இடம்பெயர்ந்ததால் வந்தது நாலில் ஒரு பங்கு அளவுதான். மீதியில் வீட்டு விலை ஏறியதும் உண்டு, முன்பு காட்டாததை இப்போது காட்டியதும் உண்டு. ஆகவே ஆள் ஓடுவதைவிடக் கணக்கு ஓடுவதே பெரிய கவலை. 2017இலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகப் பரிமாறிக்கொள்வதால் அந்த ஓட்டம் முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. நேரடியாகத் தன் பெயரில் வாங்கிய வெளிநாட்டு நிலம் மட்டும் இன்னும் அந்த வலையில் சிக்குவதில்லை.

வெளியேறுவோருக்கான தடுப்பு, வெளியேற்ற வரி. போகும் நாளில் எல்லாச் சொத்தையும் விற்றதாகக் கருதி, அதுவரை வளர்ந்த ஆதாயத்துக்கு வரி கணக்கிடுவார்கள். குடியுரிமையைத் துறக்கும் செல்வந்தருக்கு அமெரிக்கா 2008 முதல் இப்படிச் செய்கிறது. நார்வேயில் முன்பு ஐந்து ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டால் அந்த வரி கரைந்துபோகும். 2022இல் அந்தச் சலுகையை நீக்கி, 2024இல் 12 ஆண்டுக்குள் கட்டியே தீர வேண்டும் என்றார்கள். எந்தத் திட்டத்திலும் இந்த விதி வரி அறிவிக்கும் நாளிலேயே அமலுக்கு வர வேண்டும். ஓர் ஆண்டு இடைவெளி விட்டால் போக நினைத்தவர் எல்லாம் போயிருப்பார்.

ஒரே நாட்டுக்குள்ளும் இந்தப் போட்டி நடக்கும். மாட்ரிட் வட்டாரம் செல்வ வரியில் 100 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது. ஸ்பெயினின் மத்திய அரசு 2022 இறுதியில் 30 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட செல்வத்துக்குத் தனி வரி போட்டு, வட்டாரத்துக்குக் கட்டியதை அதில் கழித்துக்கொள்ளலாம் என்றது. தள்ளுபடி கொடுத்தால் பணம் மத்திய அரசுக்குப் போகும் என்றானதும், மாட்ரிட் தன் விதியைத் திருத்தித் தானே வசூலிக்கத் தொடங்கியது.

சொத்து இருக்கிறது, கையில் ரொக்கம் இல்லை. அப்படிப்பட்டவர் என்ன செய்வார்?

தொழிலிலிருந்து டிவிடெண்ட் எடுத்துக் கட்டுவார். அந்த டிவிடெண்டுக்கும் வரி விழும். தொழில் நட்டத்தில் இருந்தால் இது நிஜமான வலி. தீர்வுகள் உண்டு: வட்டியோடு தள்ளிவைத்து, விற்கும்போது கட்டுவது, தவணை, பணத்துக்குப் பதில் பங்காகவே அரசிடம் கொடுப்பது. கடைசியில் சொன்னதைப் பலர் எதிர்க்கிறார்கள், அரசு எல்லாத் தொழிலிலும் பங்குதாரர் ஆகிவிடும் என்று. ஆனால் உரிமையாளர் சொல்லும் குறைந்த விலையை அது நேர்மையாக்கிவிடும். அந்த விலைக்கே அரசு பங்கு எடுத்துக்கொள்ளும் என்றால் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

முன்பு 90 சதவீதத்துக்கு மேல் வரி இருந்ததாமே?

இருந்தது. அமெரிக்காவில் 1944இல் வருமான வரியின் உச்ச விகிதம் 94 சதவீதம், 1950களின் பெரும்பகுதியில் 91. அது கடைசி ஸ்லாபுக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும்; மொத்த வருமானத்துக்கு அல்ல. அதே காலத்தில் மூலதன ஆதாயத்துக்கு அதிகபட்சம் 25 சதவீதம்தான். எனவே சம்பளமாக வருவதை ஆதாயமாக மாற்றுவதே வரி ஆலோசகர்களின் முழுநேர வேலையாக இருந்தது. இந்தியாவில் 1973–74இல் மேல்வரி சேர்த்து 97.75 சதவீதம் வரை போனது. கறுப்புப் பணம் பெருகியது, அடுத்த ஆண்டே 77க்கு இறக்கினார்கள்.

கருத்துக்கணிப்பில் ஆதரவு இருக்கும், வாக்கெடுப்பில் தோற்கும். ஏன்?

2020இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரே விகித வருமான வரியை மாற்றும் அரசமைப்புத் திருத்தம் தோற்றது. புதிய விகிதங்கள் திருத்தத்துக்குள் இல்லை, சாதாரணச் சட்டத்தில் இருந்தன. இன்று பணக்காரருக்கு என்று தொடங்கி நாளை நமக்கும் போடுவார்கள் என்ற எதிர்ப்பிரசாரம் அங்கே எடுபட்டது. 2022இல் இன்னொரு அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸில் வாக்காளர்கள் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் என்பதை ஏற்றார்கள். அங்கே விகிதமும் வரம்பும் அரசமைப்பிலேயே எழுதப்பட்டன, வரம்பு விலைவாசியோடு ஏறும், பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் என்று எழுத்தில் இருந்தது.

சுவிட்சர்லாந்தில் 2025 நவம்பரில் 5 கோடி பிராங்குக்கு மேற்பட்ட பரம்பரைச் சொத்துக்கு 50 சதவீத வரி என்ற முன்மொழிவை நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் நிராகரித்தார்கள். குடும்பத் தொழிலை விற்றுத்தான் வரி கட்ட வேண்டிவரும் என்ற அச்சத்துக்கு அதன் ஆதரவாளர்களால் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை.

எல்லா நாடுகளும் சேர்ந்து போட முடியாதா?

2024இல் பிரேசில் தலைமையில் ஜி20 கூடியபோது சுக்மன் ஒரு திட்டம் கொடுத்தார்: உலகின் சுமார் 3,000 பில்லியனர்கள் தம் செல்வத்தில் 2 சதவீதமாவது ஆண்டுக்கு வரியாகக் கட்ட வேண்டும், ஏற்கெனவே வருமான வரியாக அவ்வளவு கட்டியிருந்தால் மேலே எதுவும் இல்லை. 200 முதல் 250 பில்லியன் டாலர் வரும் என்பது அவர் மதிப்பீடு. அந்த நவம்பரில் ஜி20 தலைவர்களின் ரியோ அறிக்கை, நாடுகளின் வரி இறையாண்மையை மதித்து ஒத்துழைப்போம் என்ற அளவில் நின்றது. இதன் பிரெஞ்சு வடிவம் 10 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செல்வத்துக்கானது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவை அதை ஏற்றது, ஜூனில் மேலவையான செனட் தள்ளியது, அக்டோபர் இறுதியில் பட்ஜெட் விவாதத்தில் பேரவையே தள்ளியது.

ஒரு வரித் திட்டம் வந்தால் எதைப் படிக்க வேண்டும்?

விகிதத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் விலக்குப் பட்டியல்: பட்டியலிடாத பங்கும் ஹோல்டிங் கம்பெனியும் உள்ளே இருக்கின்றனவா? அடுத்து மதிப்பீட்டுத் தள்ளுபடி. நார்வேயில் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு வரம்பு வரை சந்தை விலையில் 25 சதவீதமே கணக்கில் வரும், பங்குக்கு 80 சதவீதம். அதனால் பணம் வீட்டுக்குள் போய் ஒளிகிறது. கடனை முழுதாகக் கழிக்கலாமா என்று பாருங்கள். தள்ளுபடியில் எண்ணும் சொத்துக்கு முழுக் கடனையும் கழிக்கவிட்டால், கடன் வாங்கி வீடு வாங்குவதே வரியைக் குறைக்கும் வழியாகிவிடும். வரம்பு விலைவாசியோடு நகருமா? நகராவிட்டால் இருபது ஆண்டில் நடுத்தரக் குடும்பமும் உள்ளே வந்துவிடும். குடும்பத்தில் ஆளுக்கு ஆள் பிரித்து எழுதினால் வரம்புக்குக் கீழே போய்விட முடியுமா?

மதிப்பிடும் நாளையும் விடாதீர்கள். ஆண்டின் கடைசி நாளில் மட்டும் மதிப்பிட்டால், அதற்கு முதல் வாரம் வரிக்குரிய பணத்தை விலக்குள்ள சொத்தாக மாற்றி, ஜனவரியில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதைத் தடுக்கும் பிரிவு சட்ட வரைவில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், எதிர்பார்க்கும் வசூல் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டு விவாதத்தைத் தொடங்கலாம்.